6746328388800: பதின்மூன்று இலக்க எண்ணைக் கையாலேயே பிரித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

கடை மேசையில் கிடக்கும் கால்குலேட்டரை எடுத்து 6746328388800 என்று அடித்துப் பாருங்கள். கடைசி சைபர் ஏறாது. அந்த மாதிரிக் கால்குலேட்டர்களில் பெரும்பாலும் 12 இலக்கம்தான் கொள்ளும், இந்த எண்ணுக்கு 13. வாயால் சொன்னால் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதை ஒரு பேனா, இரண்டு தாள் மட்டும் வைத்துக்கொண்டு அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடலாம். பிரித்தபின் இதற்கு எத்தனை வகுத்திகள் (மீதியில்லாமல் வகுக்கும் எண்கள்), அவற்றின் கூட்டுத்தொகை என்ன, பக்கத்து வீட்டு எண் பகா எண்ணா என்று யார் என்ன கேட்டாலும், முழு எண்ணைத் திரும்பத் தொடாமலே பதில் சொல்லலாம்.

ஏன் இந்த எண்? ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தது ஈரோட்டில், அவருடைய அம்மாவின் தாய் வீட்டில், அதாவது நம் பக்கத்துப் பேச்சில் அம்மிச்சி வீட்டில். வளர்ந்தது கும்பகோணம், பேர் வாங்கியது கேம்பிரிட்ஜ், ஆனால் பிறந்த மண் இது. அவர் 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களின் பட்டியல் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலின் கடைசி எண்தான் 6746328388800. 1729 என்றால் எல்லாருக்கும் தெரியும், டாக்ஸி கதையும் தெரியும். இந்த எண்ணை ஈரோட்டிலேயே சொல்ல ஆளில்லை என்பது எனக்கு உண்மையிலேயே மனக்குறை, அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சென்னிமலையில் பெட்ஷீட் தறிகள் ஓடும் வீதியில் சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். இந்த எண்ணைப் பலகையில் எழுதியதும் ஒரு பெண் கேட்டாள்: "ஏனுங்க சார், இவ்வளவு பெரிய நம்பரை எங்கிருந்துங்க புடிக்கறது?" நான் சொன்னது: "வாலைப் புடி கண்ணு." கீழே இருப்பது அந்த வாலைப் பிடித்துக்கொண்டு தலைவரை போகும் வழி.

தொடங்கும் முன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ரொம்பக் குறைவு. வாய்ப்பாடு, நீள வகுத்தல், 23 வரைக்குமான பகா எண்கள், அவ்வளவுதான். அந்தப் பகா எண்களைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23. இவற்றைத் தன்னாலும் 1ஆலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. எந்த எண்ணையும் இப்படிப்பட்ட பகா எண்களின் பெருக்கலாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். யார் எந்த வழியில் பிரித்தாலும் கடைசியில் வரும் விடை ஒன்றே என்பதால், நடுவில் வழி மாறினாலும் கவலையில்லை.

முதல் படி: வால்

எண் 00 என்று முடிகிறது. அப்படியானால் 100ஆல் வகுபடும், 100 என்பது 2² × 5². இரண்டு சைபரையும் வெட்டினால் மிஞ்சுவது 67463283888. இது 8இல் முடிவதால் இனி இதில் 5 கிடையாது. 5இன் கணக்கு இரண்டோடு முடிந்தது.

இனி 2. பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போங்கள், ஒற்றைப்படை வரும் வரைக்கும்: 33731641944, 16865820972, 8432910486, 4216455243. நான்கு தடவை பாதியாக்கியதும் ஒற்றைப்படை வந்துவிட்டது. முன்பே சைபர்களில் இரண்டு 2 எடுத்தோம், இப்போது நான்கு, ஆக 2⁶. பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான், சைபரோடு போன அந்த இரண்டை மறந்துவிட்டு 2⁴ என்று எழுதிவிடுவார்கள். சைபரை வெட்டும்போதே 2² × 5² என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

13 இலக்கம் இப்போது 10 இலக்கம்.

இரண்டாம் படி: இலக்கங்களைக் கூட்டுவது

4216455243இன் இலக்கங்களைக் கூட்டினால் 4+2+1+6+4+5+5+2+4+3 = 36. இது 9ஆல் வகுபடும், ஆகவே எண்ணும் 9ஆல் வகுபடும். இந்த விதி எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, ஆனால் ஏன் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். எங்கள் வீதியில் நான் சொல்லும் விளக்கம் இது. பத்து பெட்ஷீட்டை ஒன்பது ஒன்பதாகக் கட்டுங்கள், ஒரு கட்டு போக மீதி 1. நூறு பெட்ஷீட்டைக் கட்டினாலும் பதினொரு கட்டு போக மீதி 1. ஆயிரத்துக்கும் மீதி 1, லட்சத்துக்கும் மீதி 1. அப்படியென்றால் நாலாயிரத்துக்கு மீதி 4, இருநூறுக்கு மீதி 2. ஒவ்வொரு இலக்கமும் தன் மதிப்பை அப்படியே மீதியாக விட்டுச் செல்கிறது. அந்த மீதிகளையெல்லாம் ஓரிடத்தில் குவித்தால் வருவதுதான் இலக்கங்களின் கூட்டுத்தொகை. அந்தக் குவியலும் ஒன்பது ஒன்பதாகக் கட்டுப்பட்டுவிட்டால் மொத்தச் சரக்கும் கட்டுப்பட்டது என்று அர்த்தம்.

சரி, வகுப்போம். 4216455243 ÷ 9 = 468495027. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 45, மறுபடியும் 9ஆல் வகுபடும். 468495027 ÷ 9 = 52055003. இதன் கூட்டுத்தொகை 20, அது 3ஆல்கூட வகுபடாது. இரண்டு 9 என்றால் நான்கு 3, ஆக 3⁴.

மூன்றாம் படி: 1001

52055003 வந்ததும் பெரும்பாலானோர் 7ஆல் வகுக்கத் தொடங்குவார்கள், அப்புறம் 11, அப்புறம் 13. செய்யலாம், தவறில்லை. ஆனால் 7 × 11 × 13 = 1001 என்ற ஒரே ஒரு பெருக்கலை மனதில் வைத்திருந்தால் மூன்றையும் ஒரே வீச்சில் சோதித்துவிடலாம்.

எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள். கவனம், நாம் வழக்கமாகப் போடும் லட்சம், கோடி காற்புள்ளி இதற்கு ஆகாது. நாம் முதலில் மூன்று, பிறகு இரண்டிரண்டாகப் பிரிப்பவர்கள், இங்கே எல்லாமே மூன்று. 52055003 என்பது 52, 055, 003 என்று பிரியும். இனி வலமிருந்து ஒன்றைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, அதற்கடுத்ததைக் கூட்டிக்கொண்டே போங்கள்: 3 − 55 + 52 = 0. சைபர் வந்துவிட்டது. ஆகவே 1001ஆல் மீதியின்றி வகுபடும்.

காரணம் மறுபடியும் அதே பெட்ஷீட் கட்டுத்தான். 1001 உருப்படி கொண்ட கட்டாகக் கட்டினால் ஆயிரம் உருப்படிக்கு ஒன்று குறைகிறது. பத்து லட்சத்தில் ஆயிரம் ஆயிரம் இருப்பதால் குறைவும் ஆயிரம், அந்தக் குறையை ஈடுகட்டப் போனால் ஒன்று மிஞ்சுகிறது. இப்படிக் குறைவும் மிச்சமும் மாறி மாறி வருவதால்தான் கழித்தலும் கூட்டலும் மாறி மாறி வருகின்றன. இதில் இன்னொரு சுகம், நாம் இவ்வளவு தூரம் பிரித்து வராமல் எடுத்த எடுப்பில் முழு எண்ணிலேயே இதைச் செய்திருக்கலாம். 6, 746, 328, 388, 800 என்று பிரித்தால் 800 − 388 + 328 − 746 + 6 = 0. நான் முதல் தடவை இதைச் செய்து பார்த்தபோது விடை சைபர் வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

52055003 ÷ 1001 = 52003. 7, 11, 13 மூன்றும் ஒவ்வொன்று வெளியே வந்துவிட்டன.

52003க்கும் அதே சோதனை: 3 − 52 = −49. இது 7ஆல் வகுபடும், 11ஆலும் 13ஆலும் வகுபடாது. எனவே இன்னொரு 7 இருக்கிறது. 52003 ÷ 7 = 7429. இதில் 7 இல்லை, 13 வரை இனி எதுவுமில்லை. ஓரத்துப் பட்டியலில் அடுத்தது 17. 17 × 437 = 7429, பிடித்துவிட்டோம்.

மிச்சம் 437. இங்கே 19ஆல் வகுத்துப் பார்த்தால் உடனே வந்துவிடும், ஆனாலும் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரரின் வழியை இந்த இடத்தில் கற்றுக்கொள்வது நல்லது, ஏனென்றால் இதைவிட அழகாக அது அமையும் உதாரணம் சட்டென்று கிடைக்காது. 437ஐவிடக் கொஞ்சம் பெரிய வர்க்கம் எது? 21² = 441. வித்தியாசம் 4, அதுவும் ஒரு வர்க்கம், 2². ஆகவே 437 = 21² − 2² = (21 − 2)(21 + 2) = 19 × 23. ஒரு எண்ணின் இரண்டு காரணிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் இந்த வழி மின்னல் மாதிரி வேலை செய்யும். தள்ளித்தள்ளி இருந்தால் பல வர்க்கங்களைச் சோதிக்க வேண்டியிருக்கும், அப்போது வகுத்தலே மேல்.

எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள்:

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

இந்த ஒரு வரியைப் பெட்டி கட்டி வையுங்கள், இனிமேல் வரும் எல்லாமே இதிலிருந்துதான். இந்த எண்ணின் வர்க்கமூலம் 25 லட்சத்து 97 ஆயிரத்துக்குச் சற்று மேலே. ஒரு எண் பகா எண்ணா என்று சோதிக்க வர்க்கமூலம் வரைக்கும் வகுத்துப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி, ஆனால் கிடைத்த காரணியை அவ்வப்போது வகுத்து எறிந்துகொண்டே வந்ததால் நாம் 23ஐத் தாண்டவே இல்லை. பெரிய எண் என்று பயப்பட வேண்டியது அதன் நீளத்தைப் பார்த்து அல்ல, அதன் காரணிகள் எவ்வளவு பெரியவை என்பதைப் பார்த்துத்தான். 22121887 என்று ராமானுஜனின் பிறந்த தேதியை எழுதிப் பாருங்கள், எட்டே இலக்கம், ஆனால் 100 வரைக்கும் எந்தப் பகா எண்ணாலும் வகுபடாது, கையால் போட்டால் பொழுது போய்விடும்.

வகுத்திகளை எண்ணுவது

ஒரு வகுத்தியை உருவாக்குவது என்றால் அந்தப் பெட்டி வரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் பெருக்குவது. 2ஐ எத்தனை எடுக்கலாம்? ஒன்றுமே எடுக்காமல் விடலாம், 1, 2, 3, 4, 5, 6 வரை எடுக்கலாம், மொத்தம் 7 வழி. 3ஐ எடுக்க 5 வழி. 5க்கு 3, 7க்கு 3. 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், தலா 2. எல்லாவற்றையும் பெருக்குங்கள்:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 315 × 32 = 10080

அடுக்குகளை அப்படியே 6 × 4 × 2 × 2 என்று பெருக்கிவிட்டால் தப்பு, எடுக்காமல் விடுவதும் ஒரு வழி என்பதால் ஒவ்வொன்றோடும் 1 கூட்ட வேண்டும். சந்தேகமிருந்தால் 12ஐ வைத்துச் சரிபாருங்கள். 12 = 2² × 3, (2+1) × (1+1) = 6, அவை 1, 2, 3, 4, 6, 12. சரியாக வருகிறது.

பத்தாயிரத்து எண்பது வகுத்திகள். 1இலிருந்து 28 வரை எந்த எண்ணை எடுத்தாலும் அதனால் இது மீதியின்றி வகுபடும், முதலில் தோற்பது 29. இதில் ஒற்றைப்படை வகுத்திகள் மட்டும் எத்தனை என்றால் 2ஐத் தொடாமல் விட வேண்டும், 10080 ÷ 7 = 1440.

இவ்வளவு வகுத்திகள் இருப்பதில்தான் ராமானுஜனின் விஷயம் இருக்கிறது

திருப்பூரில் பனியன் பெட்டி கட்டுபவர்கள் டஜன் கணக்கை விடாமல் பிடித்திருப்பது சும்மா இல்லை. 10ஐ 2, 5 என்றுதான் சமமாகப் பிரிக்கலாம். 12ஐ 2, 3, 4, 6 என்று பிரிக்கலாம். 12ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 6 வகுத்திகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்ணைத்தான் ராமானுஜன் தனியாகப் பிரித்து ஆராய்ந்தார். தமிழில் மிகு பகு எண் என்று சொல்லலாம். பகா எண்ணுக்கு நேர் எதிர்த் துருவம் இது, அங்கே 1ஐயும் தன்னையும் தவிர வகுத்தியே இல்லை, இங்கே முடிந்த அளவு வகுத்தி. வரிசை இப்படிப் போகும்: 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040, 7560, 10080. ஒரு மணிக்கு 60 நிமிடம், ஒரு சுற்றுக்கு 360 பாகை, எல்லாம் இந்த வரிசையில்தான் நிற்கின்றன.

இந்த எண்களின் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்தால் மூன்று விஷயம் வெளிப்படும், மூன்றையும் நம் பெட்டி வரியில் கண்ணால் பார்க்கலாம்.

அடுக்குகளைப் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. இறங்கிக்கொண்டே வருகின்றன, நடுவில் எங்கும் ஏறவில்லை. ஏன்? 2⁶ × 3⁴ என்பது 5184. அடுக்குகளை மாற்றிப்போட்டு 2⁴ × 3⁶ என்று எழுதினால் 11664. இரண்டுக்கும் வகுத்திகள் 35தான். அதே வகுத்திகளுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய எண்ணா? வேண்டாம். சிறிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கைக் கொடுப்பதே சிக்கனம்.

அடுத்தது, நடுவில் எந்தப் பகா எண்ணும் விடுபடாது. 23ஐ விட்டுவிட்டு 29ஐப் போட்டிருந்தால் வகுத்திகள் அதே 10080, ஆனால் எண் வீணாகப் பெரிதாகியிருக்கும். மூன்றாவது, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1ஆகத்தான் இருக்கும். இதற்கு 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டும் விதிவிலக்கு (1இல் பகா எண்ணே இல்லை, அதை விட்டுவிடுங்கள்). முதல் இரண்டும் மாற்றிப்போட்டுப் பார்த்தாலே புரியும், மூன்றாவதற்குக் கொஞ்சம் உழைக்க வேண்டும், ராமானுஜன் அதை நிரூபித்திருக்கிறார்.

இந்த மூன்று விதியும் இருந்தால் மட்டும் ஒரு எண் மிகு பகு எண் ஆகிவிடாது, அதற்குள் போட்டி கடுமை. நீங்களே சோதித்துப் பாருங்கள். நம் எண்ணிலிருந்து 23ஐ எடுத்துவிடுங்கள், மீதி 293318625600, அதற்கு 5040 வகுத்திகள். இப்போது 23க்குப் பதிலாக அதைவிடச் சிறிய வேறொன்றால் பெருக்கி வகுத்திகளை 10080க்குக் கொண்டுவர முடியுமா? 16ஆல் பெருக்கினால் 2இன் அடுக்கு 10 ஆகும், வகுத்திகள் 11 × 5 × 3 × 3 × 16 = 7920. 18ஆல் பெருக்கினால் 8 × 7 × 3 × 3 × 16 = 8064. 20ஆல் பெருக்கினால் 9 × 5 × 4 × 3 × 16 = 8640. 22ஆல் பெருக்கினால் 11க்கு அடுக்கு 2 ஆகி மறுபடியும் 8640. ஒன்றுமே 10080ஐ எட்டவில்லை. புதிதாக ஒரு பகா எண் உள்ளே வந்தால் வகுத்திகள் அப்படியே இரட்டிப்பாகும், ஏற்கெனவே இருப்பதன் அடுக்கை ஏற்றினால் பலன் குறைந்துகொண்டே போகும், இந்த இரண்டுக்கும் இடையிலான தராசுதான் அந்தக் கட்டுரை முழுக்க. நான் காட்டியது நான்கு முயற்சிகள் மட்டுமே, நிரூபணம் அல்ல. நிரூபணத்துக்கு எல்லா வாய்ப்புகளையும் அடைக்க வேண்டும். ஆனால் எந்தத் திசையில் யோசிக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது என் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்கிறேன். இப்போது கண்ட 293318625600 என்ற எண்ணும் மிகு பகு எண்தான். ராமானுஜனின் பட்டியலில் அது விடுபட்டுவிட்டது. கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பது, அவர் கையெட்டும் தூரத்தில் இருந்தது, எப்படியோ நழுவிவிட்டது, பின்னால் வந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். 5040, 10080 என்ற இந்த இரண்டு வகுத்தி எண்ணிக்கைகளையும் மேலே கொடுத்த சிறிய வரிசையில் தேடிப் பாருங்கள், இரண்டுமே அங்கே இருக்கின்றன. வகுத்திகளின் எண்ணிக்கையும் மிகு பகு எண்ணாகவே அமைந்திருக்கிறது. அந்தக் கட்டுரையும் முழுசாக அச்சேறவில்லை, லண்டன் கழகத்துக்கு அப்போது பணத் தட்டுப்பாடு, மீதிப் பகுதி 1997இல்தான் அச்சில் வந்தது. ஆனால் வந்த பகுதியை வைத்தே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது.

அதே வரியிலிருந்து இன்னும் சில

வர்க்கம் முதலில். 2⁶ × 3⁴ × 5² × 7² எல்லாமே இரட்டை அடுக்கு, ஆகவே அந்தப் பகுதி முழு வர்க்கம். 8 × 9 × 5 × 7 = 2520, அதன் வர்க்கம் 6350400. மிச்சம் 11 × 13 × 17 × 19 × 23 = 1062347. எனவே நம் எண் = 2520² × 1062347. 2520 என்பது 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண், அதுவும் மிகு பகு எண், உள்ளே ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது. நம் எண்ணை முழு வர்க்கமாக்க வேண்டும் என்றால் 1062347ஆல் பெருக்கினால் போதும், அதைவிடக் குறைவாக எதுவும் உதவாது.

வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்குகளையும் தனித்தனியே கூட்டிப் பெருக்க வேண்டும். 1+2+4+8+16+32+64 = 127. 1+3+9+27+81 = 121. 5க்கு 31, 7க்கு 57, மற்றவற்றுக்கு 12, 14, 18, 20, 24. பெருக்கினால் 39413832353280. இதில் அந்த எண்ணையே கழித்தாலும் மிச்சம் 32667503964480, எண்ணைப் போல 4.84 மடங்கு. 6, 28 மாதிரி நிறைவெண்களில் இந்த மிச்சம் எண்ணுக்குச் சரியாகச் சமமாக இருக்கும், இங்கே அது கரை புரண்டு ஓடுகிறது.

இந்த எண்ணோடு 1ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லாத சிறிய எண்கள், அதாவது சார் பகா எண்கள், எத்தனை? ஒவ்வொரு பகா எண்ணும் ஒரு சல்லடை, 2 பாதியை நீக்கும், மிஞ்சியதில் 3 மூன்றில் ஒன்றை நீக்கும், 5 ஐந்தில் ஒன்றை. 23 வரைக்கும் சலித்தால் மிஞ்சுவது 1103619686400. நூற்றுக்குப் பதினாறு சொச்சம்தான். சலிக்கும்போது 2க்கும் 3க்கும் உரிய பங்கை மட்டும் பெருக்கினால் 32 × 54 = 1728 வரும், அதற்கு அடுத்த எண் எது என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுத முடியாது. 4ஆல் வகுத்தால் 3 மீதி வரும் பகா எண்கள் எல்லாம் இரட்டை அடுக்கில் இருந்தால்தான் அது நடக்கும். 3க்கு அடுக்கு 4, 7க்கு 2, இரண்டும் பரவாயில்லை, ஆனால் 11 ஒற்றையாக நிற்கிறது, கதவு அங்கேயே சாத்தியது. ஆனால் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத 3600 வழி இருக்கிறது. எண்ணை 4ஆல் வகுத்தால் 2இன் அடுக்கு 4 ஆகும், வகுத்திகள் 5 × 5 × 3 × 3 × 32 = 7200, சோடி சேர்த்தால் 3600. அடுத்தடுத்த இயல் எண்களின் கூட்டலாக எழுத, எண்ணைத் தனியாக எழுதுவதையும் சேர்த்து, 1440 வழி, அது ஒற்றை வகுத்திகளின் எண்ணிக்கைதான். ஒன்றைக் காட்டுகிறேன்: 2248776129599 + 2248776129600 + 2248776129601.

பக்கத்து வீட்டு எண்

கடைசியாக 6746328388799, அதாவது நம் எண்ணில் ஒன்று குறைவு. இது பகா எண்ணா? நம் எண் 2 முதல் 23 வரை எல்லாப் பகா எண்ணாலும் வகுபடுவதால், அதில் ஒன்று குறைந்த இந்த எண் அவற்றில் ஒன்றாலும் வகுபடாது. 29லிருந்து சோதித்தால் போதும், அதற்கும் முழு எண்ணை வகுக்கத் தேவையில்லை, 2520² × 1062347 என்ற வடிவம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் நம் எண் விடும் மீதியைப் பாருங்கள், மீதி 1 வந்தால் பக்கத்து எண் வகுபடும். 29க்கு மீதி 26, 31க்கு 28, 37க்கு 11, 41க்கு 32, 43க்கு 3, 47க்கு 17.

53க்கு மட்டும் முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். 2520ஐ 53ஆல் வகுத்தால் மீதி 29. 29 × 29 = 841, அதை 53ஆல் வகுத்தால் மீதி 46, அதை −7 என்று வைத்துக்கொள்வது வசதி, ஏனென்றால் 53க்கு 7 குறைவு. 1062347ஐ 53ஆல் வகுத்தால் மீதி 15. −7 × 15 = −105. அதோடு 106ஐ, அதாவது இரண்டு 53ஐக் கூட்டினால் 1. மீதி 1! ஆகவே 6746328388799 பகா எண் அல்ல, 53 × 127289214883. பதின்மூன்று இலக்க எண்ணின் மிகச் சிறிய காரணியை இரண்டு இலக்கப் பெருக்கலிலேயே பிடித்துவிட்டோம். இதை நான் பலகையில் போட்டபோது அந்தப் பெண் தன் நோட்டில் எனக்கு முன்னாலேயே 1 என்று எழுதி வைத்திருந்தாள்.

மேல் பக்கத்து எண், 6746328388801, உங்களுக்கு. அங்கே மீதி 1க்குப் பதிலாக, பகா எண்ணுக்கு ஒன்று குறைவான மீதி வருகிறதா என்று பார்க்க வேண்டும், அதாவது −1. மேலே கொடுத்த மீதிகளை வைத்துப் பார்த்தால் 53 வரைக்கும் அப்படி ஒன்றும் இல்லை, எனவே 59லிருந்து தொடங்குங்கள்.